பாயாவும் பதனிட்ட தோலும்: உயிர்வேதியியல் கேள்வி பதில்

காட்பாடி மாணவி: டீச்சர், நம் உடம்பு எதனால் ஆனது? பரீட்சைக்குச் சுருக்கமாக வேண்டும்.

எடைக் கணக்கில் ஆக்சிஜன் சுமார் 65 சதவீதம், கார்பன் 18, ஹைட்ரஜன் 10, நைட்ரஜன் 3. ஆக்சிஜன் இவ்வளவு இருப்பதற்கு முக்கியக் காரணம் தண்ணீர். பெரிய மூலக்கூறுகள் என்று கேட்டால் புரதம், கொழுப்பு, கார்போஹைட்ரேட், நியூக்ளிக் அமிலம் என்று எழுதுங்கள்.

குடியாத்தம்: 20 அமினோ அமிலங்களில் 9 மட்டும் ஏன் ‘அத்தியாவசியம்’?

இருபதும் வேண்டும்தான். ஆனால் இந்த ஒன்பதைத் தேவையான அளவுக்கு உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. வெண்பொங்கல் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டிவிடும்.

ஆம்பூர்: அம்மாவுக்கு முட்டி வலி. ஆட்டுக்கால் பாயா குடித்தால் முட்டியில் கொலாஜன் ஊறும் என்கிறார்களே?

ருசிக்காகத் தாராளமாகக் குடிக்கட்டும். பிரஷர் இருந்தால் உப்பைக் குறையுங்கள். ஆட்டுக்காலில் இருப்பது கொலாஜன்தான். கொதிக்கக் கொதிக்க அதன் மூன்று இழை முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிறது. மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் கட்டியாகி ஆடுகிறதே, அதுதான் இது. வயிற்றில் பெப்சின், குடலில் டிரிப்சின் என்ற செரிமான நொதிகள் அதை வெட்டிப் போட்டபின் ரத்தத்தில் சேருவது அமினோ அமிலங்களும் சிறு துண்டுகளும்தான். நேராக முட்டிக்குப் போய்ச் சேர அவற்றுக்கு வழி கிடையாது. உடம்பு தனக்குத் தேவையான இடத்தில் பயன்படுத்திக்கொள்ளும். புதுக் கொலாஜன் கட்ட வைட்டமின் சி அவசியம். நெல்லிக்காய், கொய்யா கொடுங்கள். வலிக்கு டாக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

சத்துவாச்சாரி: கொலாஜன் பவுடர் வாங்கலாமா?

பாயாவுக்குச் சொன்னதேதான். ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் பலவற்றுக்குச் செலவு செய்தது விற்பவர்களே. கொலாஜனில் டிரிப்டோபன் கிடையாது, அதனால் அதை மட்டும் நம்பினால் முழுப் புரதம் ஆகாது.

ராணிப்பேட்டை, டேனரி ஊழியர்: தோலும் கொலாஜன்தானே டீச்சர்? ஆட்டுக்கால் கொதித்தால் கரைகிறது. வெட் புளூ (குரோமியம் உப்பில் பதனிட்ட ஈரத் தோல்) துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் சுருங்குவதுகூட இல்லையே, ஏன்?

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்! பச்சைத் தோல் 60 முதல் 65 டிகிரிக்குள் சுருண்டுவிடும். டிரம்மில் குரோமியம் உப்பு உள்ளே இறங்கியதும், கொலாஜனில் உள்ள அஸ்பார்டிக், குளூட்டமிக் அமிலங்களின் முனைகளைப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்து இழைகளைப் பிணைக்கிறது. அதற்கப்புறம் 100 டிகிரியிலும் முறுக்கு அவிழாது. நீங்கள் செய்யும் கொதிநீர்ச் சோதனை இந்தப் பிணைப்பு முழுதாக ஆகிவிட்டதா என்றுதான் பார்க்கிறது.

அந்த முறுக்கின் வடிவத்தைச் சொன்னவர்களில் முதன்மையானவர்கள் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், 1954-ல். மூன்று இழைகளும் நெருங்கும் நடுவில் இடமே இல்லை. அதனால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் இருப்பதிலேயே சின்னதான கிளைசின்தான் உட்கார முடியும். அங்கே வேறொன்று வந்துவிட்டால் எலும்பு எளிதில் உடையும் பிறவி நோய்கூட வரலாம்.

வாணியம்பாடி: குரோமெல்லாம் பிறகு வந்தது. எங்கள் தாத்தா ஆவாரம் பட்டையில் ஊறவைத்த தோல்தான் அசல் தோல்!

ராணிப்பேட்டை: அண்ணே, அதைக் கொதிநீரில் போட்டுப் பாருங்கள், தாங்காது.

தம்பி சொல்வது சரி. பட்டையில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்பால் பிடிக்கிறது, அது குரோமியம் அளவுக்கு வெப்பம் தாங்காது. அதற்காக அது மட்டமான தோல் என்று ஆகிவிடாது.

வாணியம்பாடி: குரோமியம் விஷம் இல்லையா டீச்சர்?

பதனிடப் பயன்படும் மூன்று இணைதிறன் குரோமியம் வேறு, புற்றுநோய் தரும் ஆறு இணைதிறன் குரோமியம் வேறு. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்டது இரண்டாவதால். ஆனால் டேனரிக் கழிவுநீரையும் சுத்திகரிக்காமல் விடக் கூடாது. பாலாற்றுக்குப் போதுமான கேடு ஏற்கெனவே நடந்துவிட்டது.

அணைக்கட்டு: அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டுப் புரதம் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. மாத்திரை எழுதிய டாக்டரைக் கேளுங்கள்.

ஆற்காடு: டீச்சர், கொலாஜன் மாத்திரை?

பவுடருக்குச் சொன்னதுதான் இதற்கும். அந்தக் காசில் முட்டை வாங்குங்கள்.