டாக்டர் சீட்டுக்கு வீட்டு கிராண்ட்ட அடகு வைக்காதீங்க

போன வாரம் சுங்கை சிப்புட்ல இருந்து ஒரு அக்கா, மகன அடுத்து என்ன படிக்க வைக்கலாம்னு கேட்க அவனோட எஸ்பிஎம் (ஃபார்ம் 5 பரீட்சை) ரிசல்ட்ட எடுத்துட்டு வந்தாங்க, வீட்டுக்காரரு செம்பனை தோட்டத்துல டிராக்டர் ஓட்டுறாரு. பிசிக்ஸும் கணக்கும் நல்ல மார்க், பயாலஜி மட்டும் தட்டுத்தடுமாறி பாஸ். பயப்படாதீங்கக்கான்னு தான் ஆரம்பிச்சேன், ஆனா கிள்ளான் மாமா பேச்ச கேட்டு வீட்டு கிராண்ட்ட, அதான் வீட்டு பத்திரத்த, பேங்க்ல அடகு வச்சு வெளிநாட்டுல டாக்டருக்கு படிக்க அனுப்புறோம்னு சொன்னாங்க பாருங்க, அதோட ஆறுதல நிறுத்திட்டேன்.

வேணாம்க்கா. 2016 கடைசியில இருந்து அரசாங்கத்துல புது டாக்டருங்கள நிரந்தரமா எடுக்காம கான்ட்ராக்ட்ல எடுக்க ஆரம்பிச்சு, 2021 ஜூலையில அவங்களே ஆஸ்பத்திரிய விட்டு வெளிய வந்து போராட வேண்டியதா போச்சு. கல்யாண வீட்ல பெருமை பேசுறது மாமா, மாசா மாசம் தவணை கட்டுறது நீங்க.

தம்பிகிட்ட தனியா பேசுனேன். ஆஸ்பத்திரி பத்தி ஒரு வார்த்தை வரல, பக்கத்து வீட்டு இஎக்ஸ்5 மோட்டோர் கார்ப்ரேட்டர பிரிச்சத அரை மணி நேரம் சொன்னான். இவனுக்கு நான் சொல்றது பிஸ்டன் இன்ஜின் உள்ள சின்ன பிளேன பழுது பாக்குற லைசென்ஸ், பார்ட் 66ங்கிற பிளேன் மெக்கானிக் லைசென்ஸ் விதியில பி1.2ன்னு தனி பிரிவே இருக்கு, மலேசிய விமானத்துறை ஆணையம் சிஏஏஎம் குடுக்குறது. பைலட் பழகுற செஸ்னா 172, பைப்பர் எல்லாம் இந்த வகை தான். அதுல வர்ற லைகமிங் ஓ-360 இன்ஜின எடுத்துக்குங்க: நாலு சிலிண்டர், 180 குதிரை சக்தி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ரெண்டு பிளக், பிளக்குக்கு தானே கரண்ட் உண்டாக்கி குடுக்குற மேக்னெட்டோ ரெண்டு, அதனால பேட்டரி செத்தாலும் இன்ஜின் ஓடும். 50 மணி நேரம் ஓடுனா ஆயில் மாத்தி, பழைய ஃபில்டர வெட்டி உள்ள இரும்புத்தூள் இருக்கான்னு பாக்கணும். 100 மணி செக்ல சிலிண்டருக்குள்ள 80 பிஎஸ்ஐ காத்த விட்டு எவ்வளவு நிக்குதுன்னு பாப்பாங்க, எக்ஸாஸ்ட் பக்கம் உஸ்ஸுன்னு கேட்டா வால்வு லீக், ஆயில் ஊத்துற வாய்ல கேட்டா பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கு. நான் சொல்லி முடிக்கல, தம்பி மோட்டோர்லயும் அப்படித்தானேன்னு கேட்டான். நம்ம ஊரு ஈரத்துல பறக்காம நிக்கிற இன்ஜின்ல வால்வ தொறக்குற கேம்ஷாஃப்ட் துரு புடிக்கும், அதுக்கும் கண்ணு வேணும்.

லைசென்ஸ் பரீட்சை மாட்யூல் மாட்யூலா, அதாவது பாடம் பாடமா வரும், ஒவ்வொண்ணுலயும் நூத்துக்கு 75 எடுக்கணும். மேனுவல் எல்லாம் இங்லீஷ், அத இப்பவே படிச்சு பழகட்டும். இந்த பார்ட் 66 ஐரோப்பா முறை, அங்க பி1.2க்கு அங்கீகாரம் உள்ள கோர்ஸ் முடிச்சிருந்தா பறக்குற பிளேன்ல ஒரு வருஷ அனுபவம், ஒண்ணுமே படிக்காம வந்தா மூணு வருஷம். அதாவது காலேஜ் சர்டிபிகேட் வேற, லைசென்ஸ் வேற, செஞ்ச வேலைய எழுதுற லாக்புக்ல கையெழுத்து சேரணும்.

ஒண்ண மறைக்க மாட்டேன், இது சின்ன உலகம், ஏர்லைன்ல ஜெட் பாக்குறவங்களுக்கு சம்பளம் கூட. ஆனா பிஸ்டன், ஜெட் ரெண்டு லைசென்ஸுக்கும் பாதிக்கு மேல மாட்யூல் பொது, அப்புறமா ஜெட் பக்கம் போகணும்னா அவன் முதல்ல இருந்து ஆரம்பிக்கத் தேவையில்ல.

எந்த காலேஜ்லயும் பார்ட் 147 அங்கீகாரம் (இந்த கோர்ஸ் நடத்துற அனுமதி) எந்த பிரிவுக்குன்னு எழுத்துல வாங்காம ஒரு வெள்ளி கூட கட்டாதீங்க. சனிக்கிழமை தம்பிய கூட்டிட்டு வாங்க, முடிஞ்சா மாமாவையும். அது வரைக்கும் பேங்க் பேப்பர்ல கையெழுத்து போட்டுறாதீங்க அக்கா.