கதையைக் கவிதையில் சொல்லும்போது எதுகை எவ்வளவு வேண்டும்?

நீண்ட கதை ஒன்றைக் கவிதையாக எழுதுகிறேன் என்கிறீர்கள். அடிக்கு அடி எதுகை (அடிகளின் முதல் சொற்களில் இரண்டாம் எழுத்து ஒத்துவருவது) வைத்தால் கதை அதன் பின்னால் ஓடுகிறது. விட்டுவிட்டால் உரைநடையை மடக்கிப் போட்டது போல ஆகிவிடுகிறது. எதுகை வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் கேள்வி.

என் பதில்: வையுங்கள், ஆனால் எங்கே நிறுத்துவது என்பதையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். கதைக் கவிதையில் எதுகை வரும் இடங்களைப் போலவே அது வராமல் போகும் இடங்களும் வேலை செய்கின்றன. ஒரு ஓசைக்குக் காது பழகிவிட்டால், அது நின்ற கணத்தில் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை. 30 காதைகளில் 20ஆவது. 'நீ யார்' என்று பாண்டியன் கேட்க, கண்ணகி 'தேரா மன்னா செப்புவது உடையேன்' என்று தொடங்குகிறாள். எல்லோருக்கும் தெரிந்த அடி. அதற்குப் பிறகு வரும் அடிகளின் முதல் சொற்களை மட்டும் கொஞ்சம் பாருங்கள். சிபியைச் சொல்லும்போது 'எள்ளறு', 'புள்ளுறு'. மனுநீதிச் சோழனைச் சொல்லும்போது 'வாயில் கடைமணி', 'ஆவின் கடைமணி' என்று ஒரே சொல் அடுத்தடுத்த அடிகளில். ஒன்று அரண்மனை மணி, மற்றது பசுவின் கடைக்கண். பிறகு 'அரும்பெறல்', 'பெரும்பெயர்'. மாமனாரைச் சொல்ல வரும்போது 'ஏசாச் சிறப்பின்', 'மாசாத்து வாணிகன்'. அப்புறம் 'வாழ்தல் வேண்டி ஊழ்வினை', 'சூழ்கழல் மன்னா'. ஊர்ப் பெருமை, குலப் பெருமை, விதி, எல்லாம் இரண்டிரண்டு அடியாகக் கைகோத்து வருகின்றன. கடைசியில் இப்படி முடிகிறது:

'கொலைக்களப் பட்ட கோவலன் மனைவி
கண்ணகி என்பதென் பெயரே'

கொலை, கண்ணகி. எதுகை இல்லை. 'கொலைக்களப் பட்ட கோவலன்' என்ற மோனை (சொற்களின் முதல் எழுத்து ஒத்துவருவது) மட்டும் இருக்கிறது. இளங்கோ இதைத் திட்டமிட்டுச் செய்தாரா என்று நான் வாதாட வரவில்லை. இந்தக் காதையின் யாப்பான ஆசிரியப்பாவில் எல்லா அடிக்கும் எதுகை கட்டாயம் இல்லை, அதனால் இப்படி அமைவதில் விதிமீறலும் இல்லை. ஆனால் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஜோடி ஜோடியாக வந்த ஓசை, கணவன் கொலை செய்யப்பட்டான் என்ற இடத்தில் ஜோடி இல்லாமல் நிற்கிறது. 'என் பெயரே' என்று குறைந்த சீர்களோடு பேச்சே முடிந்துவிடுகிறது.

எல்லா அடியிலும் எதுகை வந்தே ஆக வேண்டும் என்ற வடிவத்தை எடுத்துக்கொண்டால் இந்த வசதி கிடையாது. விருத்தம் அப்படிப்பட்டது. சீவக சிந்தாமணி விருத்தத்தில் ஒரு முழுக் காப்பியத்தையே நடத்திக் காட்டியது. கம்பன் அதே வடிவத்தில் 10,000 பாடல்களுக்கு மேல் போனான். பாட்டுக்கு நான்கு அடி என்றால் 40,000 இடங்களில் எதுகை நிற்க வேண்டும். அத்தனை இடத்திலும் கதைக்குத் தேவையான சொல்லே வந்து நிற்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அப்படியென்றால் கம்பன் எப்படிச் சமாளிக்கிறான்?

அனுமன் திரும்பி வந்து இராமனிடம் சொல்லும் பாட்டை எடுத்துக்கொள்வோம்.

'கண்டனென் கற்பினுக்கு அணியைக் கண்களால்
தெண்திரை அலைகடல் இலங்கைத் தென்னகர்
அண்டர் நாயக இனித் துறத்தி ஐயமும்
பண்டுள துயரும் என்று அனுமன் பன்னுவான்'

'சீதையை' என்று தொடங்கியிருந்தால் இராமனுக்கு ஒரு கணம் நெஞ்சு பதறியிருக்கும், அதனால்தான் 'கண்டனென்' முதலில் வந்தது என்று மேடைக்கு மேடை கேட்டிருப்பீர்கள். சரிதான். ஆனால் எழுதுகிறவர்கள் பார்க்க வேண்டியது வேறு. கதை எந்தச் சொல்லை முதலில் கேட்டதோ அந்தச் சொல்தான் பாட்டு முழுவதற்கும் எதுகையைத் தீர்மானிக்கிறது. 'கண்ட' என்று ஆரம்பித்தாகிவிட்டது. இனி மற்ற மூன்றும் அதற்கு ஒத்துப்போக வேண்டும். இரண்டாவது அடியின் 'தெண்திரை' (சேர்த்துச் சொன்னால் தெண்டிரை) வெறும் அலங்காரம். தெளிந்த அலை இல்லாவிட்டாலும் இலங்கை அங்கேதான் இருக்கும். மூன்றாவதில் 'அண்டர் நாயக' என்பது விளி, இராமனை அழைக்கும் சொல். விளியை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், அதனால் எதுகைக்கு அது எப்போதும் கை கொடுக்கும். நான்காவது 'பண்டுள துயர்' மறுபடியும் கதைக்கு வேண்டிய சொல். ஆக முதலும் கடைசியும் கனமானவை, நடுவில் இரண்டும் லேசானவை. எனக்கு இது பெரிய பாடமாகத் தெரிகிறது. நான்கில் இரண்டு இடத்தில் அசல் சரக்கு இருந்தால் மீதி இரண்டை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நம்மில் பலர் செய்வது தலைகீழ். முதல் அடியை ஏதோ ஒன்றில் ஆரம்பித்துவிட்டு, கதையின் முக்கியமான சொல்லை நான்காவது அடியில் எதுகைக்காக இழுத்து வந்து நிறுத்துகிறோம்.

சூர்ப்பணகை அழகியாக உருமாறி வரும் பாட்டில் இன்னொரு வித்தை இருக்கிறது. கடைசி அடி: 'வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்'. கொடி, விஷம், வஞ்சகம். ஓசை அப்படியே இருக்க, பொருள் மட்டும் மூன்றே சொல்லில் தலைகீழாகப் போகிறது. அவள் யார் என்பதை எதுகையே காட்டிக் கொடுத்துவிடுகிறது. வினைச்சொல் கடைசி வரை காத்திருக்கிறது.

வினைச்சொல் பற்றிப் பேசும்போது, அடியின் கடைசியில் ஒலியை ஒத்துவரச் செய்யும் இயைபையும் சொல்ல வேண்டும். பாடல் வரிகளில் கேட்டுக் கேட்டுப் பழகியதால் இன்று பலரும் முதலில் முயல்வது அதைத்தான். கதைக்கு அது தமிழில் சரிப்படாது என்பது என் கட்சி. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. வந்தான், நின்றான், சொன்னான், சென்றான் என்று இயைபு சும்மாவே கிடைக்கிறது. சும்மா கிடைப்பதால் இருபது அடிக்குள் சலித்துப்போகிறது. எதுகை அப்படியில்லை. அது சொல்லின் தலைப்பக்கம் இருக்கிறது, வேற்றுமை உருபோ விகுதியோ அதைத் தொடுவதில்லை. கண்ணனை, கண்ணனால், கண்ணனுக்கு, எதுவானாலும் 'மண்ணில்' ஒத்துப்போகும். சொற்களை முன்பின்னாக மாற்றிப் போடவும் தமிழ் இடம் தருகிறது. வாக்கியத்தை ஒடிக்காமல் எதுகை வைக்க முடிவது இதனால்தான்.

கடைசி ஒலியையே நம்பிய ஐரோப்பிய மொழிகளில் வேறு தலைவலி. இரண்டு இரண்டு அடியாக ஒலி ஒத்தால் ஒவ்வொரு ஜோடியிலும் கதை ஒரு முற்றுப்புள்ளியில் முட்டிக்கொள்ளப் பார்க்கும். இத்தாலியக் கவிஞர் தாந்தே இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். மூன்று அடிக் கண்ணியில் நடு அடியின் ஒலி, அடுத்த கண்ணியின் முதல் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் போய்விடும். ஒன்று முடியும் முன்பே அடுத்தது தொடங்கிவிடுவதால் கதை நிற்க இடமே இல்லை. ஆங்கிலக் கவிஞர் மில்டன் ஒலியொப்பே வேண்டாம் என்றார். 1667இல் வெளிவந்த 'இழந்த சொர்க்கம்' (Paradise Lost) என்ற தன் காப்பியத்தில் அதை அடியோடு விட்டுவிட்டு, அடுத்த ஆண்டு அதற்கு விளக்கமும் எழுதிச் சேர்த்தார். மட்டமான சரக்கையும் நொண்டும் யாப்பையும் எடுப்பாகக் காட்ட நாகரிகமற்ற ஒரு காலம் கண்டுபிடித்தது அது என்று அதில் ஒரு போடு போட்டார். நம் பாரதியும் பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில் ஒரு காவியத்துக்கு வேண்டியவை என்று எளிய பதம், எளிய நடை, எளிதில் அறியக்கூடிய சந்தம், பொது ஜனங்கள் விரும்பும் மெட்டு என்று வரிசைப்படுத்துகிறான். பட்டியலில் எதுகை இல்லை. அதற்காகப் பாட்டில் அதை விட்டுவிடவும் இல்லை.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். ஒரு காட்சி: மகன் இறந்த செய்தி தாய்க்குக் கடிதமாக வருகிறது. எதுகையை விடாப்பிடியாகப் பிடித்தால் இப்படித்தான் வரும்:

கடிதம் வந்தது காலையில் அன்று
படியில் நின்றாள் பாவை அவளும்
நொடியில் பிரித்தாள் நோக்கினாள் அதனை
இடியாய் விழுந்தது இறந்தான் மகனே

இலக்கணத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் 'பாவை' ஆனது 'படியில்' என்பதற்கு மோனை தேடியதால். இடி விழுந்தது கடிதத்துக்கு எதுகை தேடியதால். கதைக்காக யாரும் எதையும் யோசிக்கவில்லை. அதையே இப்படி வைத்துப் பாருங்கள்:

கடிதம் வந்தது. கதவருகே நின்றாள்.
படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப்
பையன் வந்து பிரித்தான்.
ஒரு வரி படித்தான்.
மேலே படிக்கவில்லை.

முதல் இரண்டடியில் எதுகையும் மோனையும் கூட்டிப்போகின்றன. பையன் உறையைப் பிரித்ததும் இரண்டையும் விட்டாயிற்று. என்ன எழுதியிருந்தது என்று சொல்லவும் தேவைப்படவில்லை. பெரிய கவிதை என்று இதைச் சொல்லிக்கொள்ள மாட்டேன், வேலை எப்படி நடக்கிறது என்று காட்டத்தான்.

எழுதும் முறையில் எனக்குப் பலன் தந்தது ஒன்றுதான். காட்சியை முதலில் உரைநடையில் எழுதிவிடுவேன். அதில் மாற்றவே முடியாத சொற்களை அடிக்கோடு போட்டுக்கொள்வேன். எதுகை அந்தச் சொற்களிலிருந்துதான் பிறக்க வேண்டும், அகராதியிலிருந்து இல்லை. அப்படி ஒரு சொல்லுக்கு இயல்பான துணை கிடைக்கவில்லையா, அந்த அடி தனியாகவே நிற்கட்டும்.

பாத்திரங்களுக்குப் பெயர் வைக்கும் முன் இதையும் யோசித்துவிடுங்கள், பின்னால் மாற்றுவது கஷ்டம். பெயர்தான் கதையில் அதிகமுறை அடியின் தலையில் வந்து நிற்கப்போகிறது. எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒத்தால் போதாது, முதல் எழுத்து குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடிலாகவும் இருக்க வேண்டும். 'எழில்' என்று வைத்தால் விழி, வழி, மொழி, பழி, அழிந்து, கழிந்து என்று வேண்டிய மட்டும் இருக்கிறது. 'யாழினி' என்று வைத்தால் ஆழி, ஊழி, நாழி, தோழி, வாழி, கோழி. சமகாலக் கதை என்றால் இதில் தோழியையும் கோழியையும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்? வருக்க எதுகையையும் (இரண்டாம் எழுத்தின் மெய் மட்டும் ஒத்து உயிர் மாறி வருவது) சேர்த்துக்கொண்டால் ஆழம், வாழ, தாழ என்று கொஞ்சம் மூச்சு விடலாம்.

நீங்கள் எழுதுவது சிரிப்புக் கதை என்றால் மேலே சொன்னதில் பாதியை மறந்துவிடலாம். அங்கே இயைபும் வரட்டும், இழுத்துப் பிடித்த எதுகையும் வரட்டும். கேட்பவருக்கு 'ஓ, இதற்காகத்தான் கோழியைக் கொண்டுவந்தானா' என்று பிடிபட வேண்டும், அப்போதுதான் சிரிப்பார்.