பிரிட்டனில் கட்டிய பழைய மரப் பாய்மரப் படகு. பெயர் மட்டும்தான் தெரியும். வரலாற்றை எப்படித் தேடுவது?

பெயரில் தொடங்காதீர்கள். படகு கைமாறும்போது முதலில் மாறுவதே அதுதான். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தபோது ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன் ஆகியிருந்தது.

தேட வேண்டியது பதிவு எண். 1855 முதல் பிரிட்டிஷ் பதிவு பெற்ற கலங்களுக்கு நிரந்தர எண் உண்டு. பெயர், உரிமையாளர், துறைமுகம் எது மாறினாலும் அது மாறாது. அதையும் பதிவு டன் அளவையும் முதன்மை உத்திரத்தில் செதுக்க வேண்டும் என்பது சட்டம். சிறிய படகில், தளத்துக்கு அடியில் அறை வாசலையோ ஸ்கைலைட்டையோ (தளத்தில் வெளிச்சத்துக்கான கண்ணாடிச் சாளரம்) ஒட்டிய குறுக்கு உத்திரங்களைப் பாருங்கள். பெயிண்ட் ஏறி மூடியிருக்கும். உப்புத்தாள், சாண்டர் எதையும் அங்கே வைக்காதீர்கள். பெயிண்டோடு எண்ணும் போய்விடும். ரிமூவர் தடவி, ஊறவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் மெதுவாக எடுங்கள். டார்ச்சை மரத்தோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் வெட்டுகளில் நிழல் விழும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தாளில் எழும்.

எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிரிட்டிஷ் பதிவு பெற்ற கலங்களின் பட்டியலான மெர்கன்டைல் நேவி லிஸ்டில் பதிவுத் துறைமுகமும் உரிமையாளரும் இருக்கும். லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தின் பி.டி. 110 தொகுப்பில், பதிவு நீக்கப்பட்ட கலங்களின் தாள்கள் உள்ளன. கலத்தின் உரிமை 64 பங்குகள். யார் எத்தனை பங்கை யாருக்கு விற்றார் என்பதைப் பதிவேட்டில் பார்க்கலாம்.

எண்ணே இல்லாமலும் போகலாம். 15 டன்னுக்குக் குறைந்த உல்லாசப் படகுகள் பல பதிவாகவே இல்லை. உத்திரத்தை மாற்றியிருந்தாலும் எண் போயிருக்கும். அப்போது துணை, உல்லாசப் படகுகளின் பட்டியலான லாய்ட்ஸ் ரெஜிஸ்டர் ஆஃப் யாட்ஸ் (1878–1980, உலகப்போர்க் காலங்களில் இடைவெளி உண்டு). கடைசியாகத் தெரிந்த ஆண்டிலிருந்து பின்னோக்கிப் புரட்டுங்கள். பெயர் மாறிய படகென்றால் முந்தைய பெயரும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

ஒரே பெயரில் பல படகுகள் வரும். உல்லாசப் படகின் அளவைச் சொல்லும் பழைய பிரிட்டிஷ் கணக்கான தேம்ஸ் டன் அளவால் பிரித்தறியலாம்: நீளத்தில் அகலத்தைக் கழித்து, அகலத்தாலும் அதன் பாதியாலும் பெருக்கி, 94ஆல் வகுக்க வேண்டும். 32 அடி நீளம், 8 அடி அகலம் என்றால் 24×8×4÷94, சுமார் 8 டன். முன்முனைக் கட்டையிலிருந்து பின்முனைக் கட்டை வரைதான் இங்கே நீளம். அதற்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியையும் சேர்த்து அளந்தால் டன் கணக்கு கூடிவிடும். வேறொரு படகின் வரலாற்றை உங்களுடையதாக எடுத்துக்கொள்வீர்கள்.

எஞ்சின் தகட்டிலுள்ள ஆண்டை வைத்துப் படகின் வயதைச் சொல்லாதீர்கள். பழைய பாய்மரப் படகுகள் பலவற்றில் எஞ்சின் பிற்காலத்தில் ஏறியதுதான்.