வாசகர் கேள்வி–பதில்: பிளாக்செயின் மேம்பாடுகளுக்கு நாள் குறிப்பது

கேள்வி: ஒயிட்ஃபீல்டில் உள்ள ஒரு நிறுவனத்தில், பல பிளாக்செயின் வலையமைப்புகளின் நோடுகளை (வலையமைப்பின் மென்பொருளை ஓட்டும் கணினிகளை)ப் பராமரிக்கும் குழுவில் வேலை செய்கிறேன். ஒரு மென்பொருள் மேம்பாடு அறிவிக்கப்பட்டதும் அதன் தேதியை அலுவலக நாட்காட்டியில் குறித்துவிடுகிறோம். ஆனாலும் சில மேம்பாடுகள் குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிடுகின்றன, சில தள்ளிப்போகின்றன. இவற்றை ஒழுங்காகக் கண்காணிக்க என்ன வழி?
— வாசகி, பெங்களூரு

பதில்: தேதியை மட்டும் குறிப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பல வலையமைப்புகளில் புதிய விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவருவது ஒரு பிளாக் எண், அதாவது சங்கிலியில் வரிசையாகச் சேரும் பரிவர்த்தனைத் தொகுதிகளில் ஒன்றின் எண்; அறிவிப்பில் காணும் தேதி, அந்த எண் எப்போது வரும் என்று கணித்துச் சொன்ன மதிப்பீடு. பிட்காயினின் டாப்ரூட் மேம்பாட்டுக்குக் குறிக்கப்பட்டிருந்தது 7,09,632-ஆம் பிளாக். அது 2021 நவம்பர் 14 அன்று வந்து சேர்ந்தது.

காஸ்மோஸ் என்ற பொது அடிப்படை மென்பொருளில் அமைந்த சங்கிலிகளில் இந்த வேறுபாடு உங்களை நேரடியாகப் பாதிக்கும். ஒரு பிளாக்குக்கு 6 விநாடி என்று வைத்து, இரண்டு வாரம் தள்ளியுள்ள ஒரு பிளாக் எண்ணுக்கு நேரம் கணிக்கிறீர்கள் என்று கொள்வோம். இடையில் 2,01,600 பிளாக்குகள் உள்ளன. சராசரி நேரம் விநாடியில் பத்தில் ஒரு பங்கு மாறினாலே, உங்கள் கணிப்பு ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் பிசகிவிடும். அந்தச் சங்கிலிகளில் குறித்த பிளாக் வந்ததும் பழைய மென்பொருள் தானாகவே நின்றுவிடும். பிளாக்குகளை உறுதிசெய்யும் நோடுகளின் வாக்கு வலிமையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் புதிய பதிப்புக்கு வந்த பிறகுதான் சங்கிலி மீண்டும் நகரும். காஸ்மோவைசர் போன்ற கருவி, முன்கூட்டியே வைத்த புதிய பதிப்பை உரிய நேரத்தில் தானே மாற்றிவிடும் என்றாலும், அந்த வேளையில் ஒருவர் விழித்திருந்து பார்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

எத்தீரியத்தில், பிளாக் சேர்க்கும் முறை மாறிய 2022 செப்டம்பர் 15-க்குப் பிறகு நிலைமை எளிதாகியிருக்கிறது. 12 விநாடிக்கு ஒரு ஸ்லாட் (ஒரு பிளாக்குக்கான இடம்), 32 ஸ்லாட்டுக்கு ஒரு எபாக் (காலச் சுற்று) என்று காலம் சீராக ஓடுவதால், மேம்பாட்டின் நேரத்தை விநாடி சுத்தமாக முன்பே சொல்லிவிடலாம். இங்கே கவனிக்க வேண்டியது நம் நேரக் கணக்கு. டென்குன் மேம்பாடு 2024 மார்ச் 13 அன்று நமக்கு இரவு 7.25 மணிக்கு வந்தது. பெக்ட்ரா 2025 மே 7 அன்று பிற்பகல் 3.35-க்கு வந்தது. ஃபுசாகா மேம்பாடோ உலகப் பொது நேரப்படி 2025 டிசம்பர் 3, இரவு 9.49-க்கு நிகழ்ந்தது, பெங்களூருவில் அப்போது டிசம்பர் 4, அதிகாலை 3.19. "டிசம்பர் 3" என்று மட்டும் குறித்துக்கொண்டு பகல் ஷிஃப்டுக்கு ஆள் போட்டிருந்தால், மேம்பாடு நடந்தபோது யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

போல்காடாட்டில் விதிகளை வகுக்கும் நிரலே சங்கிலியில் சேமிக்கப்படுவதால், வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட மாற்றம், எல்லோரும் நோடு மென்பொருளை மாற்றாமலே நடைமுறைக்கு வந்துவிடும். ஆயினும் பரிவர்த்தனைகளைப் படித்துப் பிரிக்கும் உங்கள் சொந்த நிரல்கள் புதிய வடிவத்தைப் புரிந்துகொள்கின்றனவா என்று பார்த்தே ஆக வேண்டும். சொலானாவில் புதிய வசதிகள் எபாக் மாறும் இடத்தில் இயக்கப்படுகின்றன.

ஆகவே உங்கள் அட்டவணையில் ஒவ்வொரு மேம்பாட்டுக்கும் எதைக் கொண்டு அது தொடங்குகிறது, அதன் எண் என்ன, குறைந்தபட்சம் எந்தப் பதிப்பு தேவை, இந்தத் தகவல் எங்கிருந்து எடுக்கப்பட்டது, கடைசியாக யார் எப்போது சரிபார்த்தார் என்பவை இருக்கட்டும். தேதியை அந்த எண்ணிலிருந்து நாள்தோறும் ஒரு சிறு நிரல் கணக்கிட்டு எழுதட்டும். ஆதாரமாக, அந்தந்த நோடு மென்பொருளை எழுதுவோர் வெளியிடும் பதிப்புக் குறிப்புகளையே கொள்ளுங்கள். பல வலையமைப்புகளின் செய்திகளைத் திரட்டித் தரும் சேவைகள் எச்சரிக்கை மணியாகப் பயன்படலாம். அவை சொல்வதை மட்டும் நம்பி நோடில் கை வைக்காதீர்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எத்தீரியத்தின் கான்ஸ்டான்டினோப்பிள் மேம்பாடு 2019 ஜனவரி நடுவில், 70,80,000-ஆம் பிளாக்கில் வரவிருந்தது. இரண்டு நாள்கூட இல்லாத நிலையில், அதிலிருந்த ஒரு மாற்றம் சில ஒப்பந்தங்களை (சங்கிலியில் தானே இயங்கும் நிரல்களை)த் தாக்குதலுக்கு உள்ளாக்கும் என்று செயின்செக்யூரிட்டி நிறுவனம் கண்டறிந்தது. மேம்பாடு பிப்ரவரி 28-க்குத் தள்ளிப்போனது. முன்கூட்டியே புதிய பதிப்பை நிறுவியிருந்த பொறுப்பானவர்கள்தாம் அவசரமாக இன்னொரு முறை பதிப்பை மாற்ற வேண்டியதாயிற்று. "நிறுவியாகிவிட்டது" என்று அட்டவணையில் எழுதிய பிறகும் கடைசி நாள்வரை அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சோதனை வலையமைப்புகளையும் அதே அட்டவணையில் சேருங்கள். 2025 பிப்ரவரி 24 அன்று எத்தீரியத்தின் ஹோலெஸ்கி சோதனை வலையமைப்பில் பெக்ட்ராவைச் சோதித்தபோது, சில மென்பொருள்களில் வைப்பு ஒப்பந்தத்தின் (பிளாக்குகளை உறுதிசெய்வோர் பிணைத்தொகை செலுத்தும் ஒப்பந்தத்தின்) முகவரி தவறாக அமைக்கப்பட்டிருந்ததால் அந்த வலையமைப்பே நிலைகுலைந்தது. பிறகு ஹூடி என்ற புதிய சோதனை வலையமைப்பு உருவாக்கப்பட்டு, அதில் மார்ச் 26 அன்று மீண்டும் சோதித்தார்கள். சோதனை வலையமைப்பில் தடங்கல் என்றால் முதன்மை வலையமைப்பின் தேதி நகரக்கூடும் என்பதற்கு அதைவிட முந்திய அறிகுறி கிடைக்காது.

கேள்வி: மேம்பாடு நடக்கும் நாளில், கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்க உதவும் எக்ஸ்சேஞ்சுகள் நாணயத்தை உள்ளே போடவும் வெளியே எடுக்கவும் விடாமல் நிறுத்திவைப்பது ஏன்?
— வாசகர், கோரமங்களா

பதில்: பழைய விதியில் சில நோடுகளும் புதிய விதியில் சில நோடுகளும் நின்றால் சங்கிலி இரண்டாகப் பிரியலாம். கைவிடப்படப் போகும் கிளையில் வந்த வைப்பை நம்பி உங்கள் கணக்கில் வரவு வைத்துவிட்டால் இழப்பு எக்ஸ்சேஞ்சுக்குத்தான். 2020 நவம்பர் 11 அன்று எத்தீரியத்தின் கெத் என்ற நோடு மென்பொருளில் பழைய பதிப்புகளை ஓட்டியவர்கள் இப்படித் தனிக் கிளையில் சிக்கினார்கள். பிற செயலிகளை எத்தீரியத்துடன் இணைக்கும் இன்ஃபுரா சேவை தடைபட்டது, பைனான்ஸ் உள்ளிட்ட சில எக்ஸ்சேஞ்சுகள் பணம் எடுப்பதை நிறுத்தின. ஆகவே அந்தச் சில மணி நேரத் தடை முறையான முன்னெச்சரிக்கையே.

கேள்வி: மேம்பாட்டுக்கு முன் என் நாணயங்களைப் புதிய வாலட்டுக்கு மாற்றாவிட்டால் அவை செல்லாமல் போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருக்கிறது. மாற்ற வேண்டுமா?
— ஓய்வுபெற்ற வாசகர், அல்சூர்

பதில்: வேண்டாம், ஐயா. வலையமைப்பின் மென்பொருள் மேம்பாட்டில் வேலை நோடு நடத்துவோருக்குத்தான். நாணயம் வைத்திருப்பவர் பொதுவாக எதையும் செய்ய வேண்டியதில்லை. மேட்டிக் (MATIC) நாணயம் ‘போல்’ (POL) என்ற புதிய நாணயமாக ஆனது போன்ற உண்மையான மாற்றங்கள் சில நேரம் நிகழ்வதுண்டு. அவற்றை அந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். உங்கள் வாலட்டின் 12 அல்லது 24 ரகசியச் சொற்களை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், மீதமுள்ளதை நீங்களே புதிதாக உருவாக்கிய வேறொரு வாலட்டுக்கு உடனே மாற்றிவிட்டு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள்.