கொலம்பியா விண்ணோடம் தரையிறங்கும் முன் ஏன் சிதறியது?

விண்ணோடம் என்பது ராக்கெட்டாக ஏறி, விமானம்போல ஓடுபாதையில் இறங்கி, மறுபடி பறக்கும் கலம். கொலம்பியா 1981 ஏப்ரலில் முதலில் பறந்தது. அதன் 28-ஆவது பயணத்தில், 2003 ஜனவரி 16 அன்று, கிளம்பிய 82-ஆவது நொடியில் எரிபொருள் தொட்டியின் நுரைப்பூச்சு சுமார் முக்கால் கிலோ பிய்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது.

நுரைக்கு அவ்வளவு பலமா? பைக்கில் வேகமாகப் போகும்போது முகத்தில் அடிக்கும் வண்டை நினைத்துப் பாருங்கள். பிய்ந்த நுரை காற்றில் சட்டென வேகமிழந்தது. விண்ணோடம்தான் மணிக்குச் சுமார் 800 கி.மீ. வேக வித்தியாசத்தில் அதன்மேல் பாய்ந்தது. பிறகு நடத்திய சோதனையில் அதே மாதிரி நுரைத்துண்டு இறக்கையின் முன்விளிம்புப் பலகையில் 40 செ.மீ. ஓட்டை போட்டது!

பிப்ரவரி 1 அன்று பூமியின் காற்றுமண்டலத்துக்குள் அதிவேகமாகத் திரும்பும்போது உண்டான அனல்காற்று, நுரை மோதி இறக்கையில் விழுந்த ஓட்டை வழியே புகுந்து உள்ளேயிருந்த அலுமினியத்தை உருக்கியது; இறக்கை உடைந்து விண்ணோடம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரையும் இழந்தோம்.

வெப்ப ஓடு (விண்ணோடத்தின் மேல் ஒட்டிய வெப்பத்தடுப்புச் சில்லு) கழன்றதே காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். உடைந்தது ஓடு அல்ல, முன்விளிம்பின் கார்பன் பலகை.