அரசியலமைப்பின் வாசகம் மாறாமலே உரிமைகள் எப்படி விரிகின்றன?

வாசகம் அப்படியேதான் இருக்கும், நீதிமன்றம் அதைப் படிக்கும் விதம் மாறும். இந்திய அரசியலமைப்பின் 21-வது பிரிவையே பாருங்கள். சட்டம் வகுத்த நடைமுறைப்படி அன்றி யாருடைய உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது அது.

1950-ல் ஏ.கே. கோபாலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மிகக் குறுக்கிப் படித்தது: சட்டத்தில் ஒரு நடைமுறை இருந்தால் போதும், அது நியாயமா என்று கேட்க முடியாது. விளைவு நெருக்கடி நிலையில் தெரிந்தது. 1976-ல் ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கில், சட்டவிரோதமாக அடைக்கப்பட்டவர்கூட ஆட்கொணர்வு மனு (அடைபட்டவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் மனு) போட முடியாது என்றார்கள் நான்கு நீதிபதிகள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார்.

1978-ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கு வந்தது. நடைமுறை நியாயமாகவும் இருந்தாக வேண்டும் என்றானது. அதே ஆண்டின் 44-வது திருத்தம், நெருக்கடி நிலையிலும் 20, 21 பிரிவுகளை முடக்க முடியாதபடி செய்தது. 2017-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக்கி, ஜபல்பூர் தீர்ப்பையும் தூக்கியெறிந்தார்கள்.

அடைபடாத ஓட்டை தடுப்புக் காவல்: குற்றம் செய்துவிடக் கூடும் என்று முன்கூட்டியே, விசாரணையின்றி ஒருவரை அடைப்பது. சாதாரணக் கைதென்றால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இதில் அது கிடையாது. காவலைப் பரிசீலிக்கும் ஆலோசனைக் குழுவின் ஒப்புதல் இல்லாமலே மூன்று மாதம் வைத்திருக்கலாம். இதை இரண்டு மாதமாகக் குறைக்கும் ஷரத்து 44-வது திருத்தத்திலேயே இருந்தும், நடைமுறைக்கு வரவில்லை. இது வெட்கக்கேடு. அப்படி ஒருவர் அடைபட்டால் 226-வது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுங்கள். காவலுக்கான காரணங்களை அவருக்குத் தெரிந்த மொழியில் தந்தார்களா, அவருடைய முறையீட்டைத் தாமதமின்றிப் பரிசீலித்தார்களா என்று முதலில் பாருங்கள். பல உத்தரவுகள் இந்த இரண்டில்தான் ரத்தாகின்றன.