யானை இல்லாத வாக்குச்சீட்டு

அன்புள்ள ஐயா,

1994இலிருந்து இலங்கையின் எல்லா ஜனாதிபதித் தேர்தலிலும் நான் யானைக் கட்சிக்காரன்தான், அதாவது ஐக்கிய தேசியக் கட்சி. அப்பா தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். "நமக்குப் பிரஜாவுரிமை குடுத்த கட்சி, மாத்திப் போட்டுடாதே" என்று கடைசிவரை சொன்னார். 2024இல் மகள் சொன்னதைக் கேட்டு, கட்சித் தலைவர் ரணிலின் சிலிண்டர் சின்னத்துக்கு 1 போட்டுவிட்டு இன்னொருவருக்கு 2 போட்டேன். அன்றிலிருந்து மனசு உறுத்துகிறது. அப்பாவுக்குத் துரோகம் செய்துவிட்டேனா?

ஒரு வாசகர், பண்டாரவளை

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை, துரோகம் இல்லை. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என் அம்மா ஞாபகத்துக்கு வந்துவிட்டார்.

அம்மா தன் பிரஜாவுரிமைப் பத்திரத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி, பிஸ்கட் டின்னில் போட்டு, தோட்டத்தில் எங்கள் வரிசை வீடான லயத்துக் காம்பிராவின் பரணில் வைத்திருந்தார். மழை பிடித்துக் கூரை ஒழுக ஆரம்பித்தால் அரிசியைக்கூட அப்புறம்தான் பார்ப்பார், முதலில் டின்னைத்தான் இறக்குவார். அவரும் யானைக்குத்தான் போட்டார். அந்த நன்றியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் 1948இல் நம் மலையகத் தமிழ் ஆட்களின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டமும் அதே கட்சியின் ஆட்சியில்தான் வந்தது. நாடற்றவர்களாக மிச்சமிருந்தவர்களுக்கு அதைக் கொடுத்த 1988ஆம் வருடச் சட்டமும் அதே கட்சியின் ஆட்சியில் வந்ததுதான். இடையில் நாற்பது வருடம். நம்மிடமிருந்து எடுத்ததைத் திருப்பித் தந்தார்கள். அதற்கு நம் பெற்றோர் ஆயுசு முழுக்க வாக்காகவே நன்றி சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ஜனாதிபதித் தேர்தல் சீட்டில் யானை கடைசியாக இருந்தது 2005இல். ரணில் இரண்டு லட்சத்துக்கும் குறைந்த வாக்கில் தோற்ற தேர்தல் அது. புலிகளின் பகிஷ்கரிப்பால் யாழ்ப்பாணத்தில் கிட்டத்தட்ட யாருமே வாக்களிக்கவில்லை. அதற்குப் பிறகு கட்சி ஆதரித்தவர்கள் 2010இல் பொன்சேகா, 2015இல் மைத்திரி, 2019இல் சஜித், மூவருக்குமே சின்னம் அன்னம். மைத்திரி போட்டிக் கட்சியான சுதந்திரக் கட்சியிலிருந்து வந்தவர். கட்சி கைகாட்டியது என்பதற்காக அவருக்கும் போட்டிருப்பீர்கள். 2024இல் ரணிலே சுயேச்சையாகத்தான் நின்றார். யானை உங்களை விட்டுப் போய் எத்தனையோ வருடமாகிறது. நீங்கள்தான் விடாமல் இருந்திருக்கிறீர்கள்.

சரி, அந்த 2க்கு வருகிறேன். முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால்தான் முதல் இருவரைத் தவிர மற்றவர்களின் சீட்டுகளைத் திரும்ப எடுத்து, அவற்றில் 2, 3 என்று போட்ட விருப்பு வாக்கைப் பார்ப்பார்கள். 1982இலிருந்து எட்டுத் தேர்தலில் அதற்குத் தேவையே வரவில்லை. ஒன்பதாவதில் வந்தது. அநுர குமார திசாநாயக்கவுக்கு 42 சதவீதம், சஜித்துக்கு 33 சதவீதம் அளவில், ரணில் மூன்றாமிடம். அப்படித் திரும்ப எடுத்த சீட்டுகள் 33 லட்சம் அளவுக்கு இருக்கும். அந்த இருவருக்கும் சேர்த்து அவற்றிலிருந்து கிடைத்த விருப்பு வாக்கு மூன்று லட்சம்கூட இல்லை.

1 ரணிலுக்குத்தானே போட்டீர்கள்? அப்பா சொன்னது அதிலேயே நிறைவேறிவிட்டது. அந்த 2 யாருக்கு என்று நான் கேட்க மாட்டேன். அந்த இருவரில் ஒருவருக்கென்றால், செப்டம்பர் 22 ஞாயிற்றுக்கிழமை உங்கள் சீட்டை இரண்டாவது முறையாகக் கையில் எடுத்து எண்ணியிருக்கிறார்கள். மகளிடம் இதைச் சொல்லுங்கள்.